ஓரத்துக்கு ஒரு கோட்டிங் கூடுதலாக

எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்து இந்த மாதத்தோடு இரண்டரை வருஷம் முடிகிறது. நேற்று காலையில் ஒரு டார்ச்சும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு கேட் முன்னால் உட்கார்ந்து, மேல்சட்டத்தில் தொடங்கி கீல், தாழ்ப்பாள், அடிச்சட்டம் என்று ஒரு இடம் விடாமல் தடவிப் பார்த்தேன். துரு இருந்தது மூன்றே இடத்தில்தான், மூன்றுமே எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். இதே கேட்டில் இதற்கு முன்னால் அடித்த பெயின்ட் ஒரு தடவை எட்டு மாதமும் இன்னொரு தடவை ஐந்து மாதமும்தான் தாங்கியது. கடற்கரைப் பக்கம் இரும்பை வைத்துக்கொண்டு அல்லாடுகிற யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில், கடலில் இருந்து 300 மீட்டர் தூரம் இருக்கும். ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது காலையில் பைக் சீட்டைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும், மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் தெருமுனை வரை நடந்தாலே கண்ணாடி மங்கிவிடும். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, மீட்டர் பெட்டி, எதுவும் தப்பாது. கேட் இரண்டு கதவு, ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு ஐந்தடி. சட்டம் 40-க்கு 40 ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம். கீழ்ப்பாதியில் 18 கேஜ் தகடு, மேல்பாதியில் 25-க்கு 5 பட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வெல்டு வைத்தது. இரண்டு பக்கமும் சேர்த்தால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு சுமார் 9 சதுர மீட்டர்.

முதல் பெயின்ட், கேட் செய்த பட்டறையிலேயே அடித்தது. 2021 தொடக்கம். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங், கறுப்பு எனாமல் இரண்டு கோட்டிங், கூலியோடு 2,800 ரூபாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. செப்டம்பர் வாக்கில் அடிச்சட்டத்தின் கீழ் விளிம்பில் கடுகு கடுகாகக் கொப்புளம் வந்தது. நகத்தால் கீறினால் உள்ளே காவி நிறத்தில் தண்ணீர். அப்புறம் பட்டைகளின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய மஞ்சள் கோடு. தகட்டின் நடுவில் ஒரு புள்ளி கூட இல்லை. இதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். நடுவில் வராத துரு ஏன் ஓரத்தில் மட்டும் வருகிறது என்று கேட்டிருந்தால் அடுத்த வருஷத்துப் பணமும் உழைப்பும் மிச்சமாகியிருக்கும்.

2022 ஜனவரியில் நானே இறங்கினேன். நாலு அங்குல கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டித் துருவெல்லாம் தேய்த்தேன். தேய்த்த இடம் கறுத்துப் பளபளவென்று மின்னியது, இரும்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அது இரும்பு இல்லை. கப் பிரஷ் துருவை எடுக்காமல் மேலாகத் தேய்த்து மெருகேற்றிவிடும், குழிகளுக்குள் இருக்கிற துரு அப்படியே இருக்கும். அதன் மேல் துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் ஒன்றைத் தடவினேன். அதற்கு முன்னால் தூசி போக வீட்டு போர் தண்ணீரில் குழாய் பிடித்துக் கழுவினேன். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். அதில் கழுவிக் காயவிட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தகடும் சட்டமும் சேரும் இடுக்குகளில் சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன், அதன் மேல் பெயின்ட் ஒட்டவே இல்லை, சொட்டுச் சொட்டாக விலகி நின்றது. எனாமல் கெட்டியாக இருக்கிறதே என்று வீட்டில் கிடந்த என்.சி. தின்னரை (மர பாலிஷ், லாக்கர் வகைகளுக்குக் கலக்கிற வீரியமான தின்னர்) கலந்தேன். எனாமலுக்கு டர்பன்டைன்தான் கலக்க வேண்டும், என்.சி. தின்னரின் வீரியத்துக்கு அடியில் இருந்த பழைய எனாமல் இளகி, வலது கதவு முழுக்க வாழைப்பூத் தோல் மாதிரி சுருங்கிவிட்டது. அதைச் சுரண்டி மறுபடி அடித்ததில் செலவு 3,600 ரூபாய். ஐந்து மாதம் போனது, அதே ஓரத்தில் அதே கோடு.

மச்சினன் சவுதியில் ஒரு எண்ணெய் ஆலையில் பெயின்டிங் இன்ஸ்பெக்டர். 2023 ஜனவரியில் விடுமுறைக்கு வந்தவன் கேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாக்கெட்டில் இருந்த பேனாக்கத்தியை எடுத்து ஒரு பட்டையின் மூலையில் இருந்து பெயின்ட் செதிலைப் பெயர்த்தான். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும், பட்டையின் மூலையைச் சுற்றி மடிந்திருந்த வடிவத்திலேயே ‘எல்’ மாதிரி வந்தது. அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, “இங்க பாருங்க மச்சான்” என்றான். செதிலின் இரண்டு பக்கமும் கறுப்பாக, வெளிச்சம் புகாமல் இருந்தது. நடுவில் மடிப்பு விழுந்த அந்த ஒரு கோட்டில் மட்டும் வெயில் சிவப்பாகக் கசிந்து தெரிந்தது. மூன்று கோட்டிங் அடித்த இடம், ஓரத்தில் வெங்காயத் தோல் கனம்தான் நின்றிருக்கிறது.

ஈரமாக இருக்கும்போது பெயின்ட் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், கூர்மையான விளிம்பில் நிற்காது, இரண்டு பக்கமும் வழிந்து விலகிவிடும். எவ்வளவு தடிமனாக அடித்தாலும் இதுதான் நடக்கும். துரு அந்த மெல்லிய கோட்டில் உள்ளே நுழைகிறது. துரு ஆன இரும்பு பழைய இரும்பை விட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும், அதனால் பக்கத்தில் நன்றாக ஒட்டியிருக்கிற பெயின்டையும் நெம்பித் தூக்கிவிடும். அப்புறம் அது படர்ந்துகொண்டே போகும். அவன் அடுத்துக் கேட்டது, “கழுவினீங்களா?” கழுவினேன் என்றேன். “எந்தத் தண்ணில?” நான் சொன்னதும் தலையில் கை வைத்துவிட்டான்.

கம்பெனியில் இரும்பின் மேல் எவ்வளவு உப்பு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க அவர்களுக்குத் தனிக் கருவி உண்டு. வீட்டில் அதற்குப் பதிலாக அவன் ஒரு வழி சொன்னான். ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற மீட்டர், அப்போது 350 ரூபாய்க்குக் கிடைத்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் 50 மில்லி எடுத்துக்கொண்டு, கேட்டில் 10 செ.மீ.-க்கு 10 செ.மீ. சதுரம் சாக்பீஸால் வரைந்து, கையுறை போட்டு, பஞ்சை அந்தத் தண்ணீரில் நனைத்து நனைத்து அந்தச் சதுரத்துக்குள் மட்டும் தேய்த்துத் திரும்ப அதே டம்ளரில் பிழிய வேண்டும். நாலைந்து தடவை செய்துவிட்டு மீட்டரை வைத்தால் போதும். வெறும் பேட்டரி தண்ணீர் 2 காட்டியது. கேட்டின் தகட்டில் தேய்த்த தண்ணீர் 64. எங்கள் போர் தண்ணீரையும் ஒரு டம்ளர் பிடித்து வைத்துப் பார்த்தேன், 2,100. இதில்தான் நான் போன வருஷம் கழுவியிருக்கிறேன்.

கணக்குப் போட்டால், 50 மில்லியில் மீட்டர் 10 கூடினால் அந்தச் சதுரத்தில் அரை மில்லிகிராம் உப்பு, ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். கப்பல் ஆடாமல் நிற்கக் கடல் தண்ணீர் நிரப்பும் பாலஸ்ட் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும்போது அனுமதிக்கிற உச்ச வரம்பும் அதே 50 மில்லிகிராம்தான் என்றான். எங்கள் கேட்டில் இருந்தது 300-க்கு மேல். இவ்வளவு உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பெயின்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளமாக்கிவிடும். நான் நகத்தால் கீறிய கொப்புளத்துக்குள் தண்ணீர் இருந்ததற்குக் காரணம் அதுதான். பஞ்சு முழு உப்பையும் எடுக்காது, மீட்டரும் உப்பை மட்டும் காட்டாது, இது தோராயம்தான். ஆனால் கழுவுவதற்கு முன், கழுவிய பின் என்று ஒப்பிட இதுவே போதும்.

சரி, வேலை. பிப்ரவரி முதல் வாரம் தொடங்கினோம். வாடை அடங்கி மழை நின்று, வெயில் ஏறுவதற்கு முன்னால் எங்களுக்குக் கிடைக்கிற நல்ல நாட்கள் அவை. கேட்டைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே இரண்டு ஸ்டூலில் படுக்க வைத்தோம். காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கிற சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் ஒரு மணி நேர வேலை, இரும்பு வெள்ளையாக வந்துவிடும். விசாரித்தேன், தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வேண்டும், குட்டியானை வாடகை போக வர மட்டுமே 6,000 கேட்டார்கள். அதனால் கையாலேயே எடுத்தோம். தின்னர் ஊற்றிய பனியன் வேஸ்டால் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்தேன், ஏனென்றால் பிசுக்கோடு தேய்த்தால் அது இரும்பு முழுக்கப் பரவிவிடும். அப்புறம் சுரண்டி, பின் கிரைண்டரில் 60-ம் நம்பர் ஃபிளாப் டிஸ்க், உப்புத்தாள் துண்டுகளை அடுக்கி ஒட்டிய வட்டு. கப் பிரஷ் இந்தத் தடவை மூலைகளுக்கு மட்டும். டிஸ்க் ஆறு தேய்ந்தது. உதவிக்கு ஒரு தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டேன், மூன்று நாள், நாளுக்கு 900. பழைய ரெட் ஆக்சைடு டப்பாவில் ஜிங்க் குரோமேட் என்று போட்டிருந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், புற்றுநோய் வரவைக்கக்கூடியது. 1,100 ரூபாய்க்கு ஃபில்டர் வைத்த முகமூடி வாங்கினேன், அந்தத் தம்பிக்கும் ஒன்று அவன் மாமா பட்டறையில் இருந்து வாங்கிக் கொடுத்தோம். கர்ச்சீப் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பட்டைகளில் புது இரும்புக்கே உள்ள நீலச் செதில் சில இடத்தில் இன்னும் ஒட்டியிருந்தது, அதையும் எடுத்தோம். அது கெட்டியாகத் தெரியும், ஆனால் அது விரிசல் விட்ட இடத்தில் அடியில் இருக்கிற இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். பிறகு பட்டைகளின் எல்லா விளிம்புகளையும் டிஸ்கால் மழுக்கினோம். 2 மி.மீ. ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும் என்று மச்சினன் சொன்னான், 5 மி.மீ. பட்டையில் அது முடிகிற காரியம்தான், விரலை ஓட்டினால் கீறக் கூடாது, அவ்வளவுதான் அளவு. 22 பட்டை, ஒவ்வொன்றுக்கும் நாலு விளிம்பு. ஒரு முழு நாள் இதற்கே போனது. வெல்டிங் தெறித்த மணிகளையும் உளியால் தட்டி எடுத்தோம்.

அடிச்சட்டத்தைப் புரட்டியபோது உள்ளே கலகலவென்று சத்தம். பைப்பின் இரண்டு வாயும் வெல்டு வைத்து அடைக்காமல் விட்டிருக்கிறார்கள், மழைத் தண்ணீர் உள்ளே போய் நின்று, உள்பக்கம் துரு செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. வெளியே என்ன பெயின்ட் அடித்தாலும் இது உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். ஒவ்வொரு அடிப்பைப்பிலும் கீழ்ப்பக்கம் மூன்று இடத்தில் 8 மி.மீ. ஓட்டை போட்டுத் தட்டித் தட்டிக் கொட்டினோம். இரண்டு பைப்பிலும் சேர்த்து ஒரு சிரட்டை நிறைய வந்தது. பின்னால் பிரைமர் கலக்கியபோது தின்னர் கூட விட்டு ஒவ்வொரு பைப்புக்குள்ளும் 200 மில்லி ஊற்றி, கேட்டை இருவருமாகச் சாய்த்துச் சாய்த்து உள்ளே எல்லாப் பக்கமும் ஓட விட்டோம். மீதி ஓட்டை வழியே வடிந்தது. உள்ளே எந்த அளவு பிடித்திருக்கும் என்று பார்க்க வழியில்லை, ஆனால் இன்றுவரை அந்த ஓட்டைகளில் இருந்து காவித் தண்ணீர் வடியவில்லை.

கழுவுவதற்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் ஆறு வாங்கினேன், ஒன்று 35 ரூபாய். முதல் இரண்டு கேனில் நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி டி.டி.எஸ். பார்த்தால் 17. இன்னும் இரண்டு கேன், 11. கடைசி இரண்டு கேனில் குழிகளுக்குள் பிரஷ் முனையால் குத்திக் குத்திக் கழுவிய பிறகு 7. பேட்டரி தண்ணீரின் 2 கழித்தால் 5, சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம். அந்த 7-ஐப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பெயின்ட் அடித்து முடித்தபோது கூட வரவில்லை. உடனே வெயிலில் நிறுத்தி, வண்டிக் கடையில் இரவல் வாங்கிய ஏர் பம்பால் இடுக்குத் தண்ணீரை ஊதி எடுத்தோம். இரும்பு காய்ந்து ஒரு மணி நேரத்தில் லேசாக மஞ்சள் ஏறத் தொடங்கியது, அதனால் புது 80-ம் நம்பர் உப்புத்தாளால் மேலாக ஒரு தேய் தேய்த்துத் துடைத்துவிட்டு அன்றைக்கே பிரைமர். இரவு தாண்ட விட்டால் கடல் காற்று மறுபடி உப்பைக் கொண்டுவந்து பூசிவிடும்.

பிரைமர் எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட், பேஸ், ஹார்டனர் என்று இரண்டு டப்பாவாக வருவது. ஜிங்க் நிறைய இருக்கிற பிரைமர்தான் கடற்கரைக்குச் சிறந்தது என்று படித்திருந்தேன், அதை அடிக்கலாமா என்று மச்சினனிடம் கேட்டேன். அது ஜிங்க் தூள் இரும்பை நேராகத் தொட்டால்தான் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து காப்பாற்றும், பிளாஸ்டிங் செய்யாத இரும்பில், குழிக்குள் துளி துரு மிச்சம் இருக்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை என்று மறுத்துவிட்டான். டப்பாவில் போட்ட விகிதம் மூன்றுக்கு ஒன்று. முதல் நாள் நான் அவசரப்பட்டு ஒரு லிட்டர் முழுவதையும் ஒன்றாகக் கலக்கினேன். கலந்து இருபது நிமிஷம் வைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினோம். வெயிலில் டப்பா சூடாகி, மூன்று மணி நேரத்தில் பிரஷை விட்டால் நூல் மாதிரி இழுத்தது, 400 மில்லியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் 300 மில்லி, 300 மில்லியாகச் சமையல் தராசில் எடை போட்டுக் கலந்தோம், பேஸும் ஹார்டனரும் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ என்று டப்பாவோடு வந்த தாளில் இருந்தது. மூன்று லிட்டர் போதும் என்று கணக்கிட்டது நாலு லிட்டராயிற்று, லிட்டர் 650 ரூபாய்.

இப்போது ஓரம். முதலில் கேட்டுக்கே பெயின்ட் அடிக்கவில்லை. ஒரு அங்குல பிரஷின் முடியைப் பாதியாக வெட்டிக் கட்டையாக்கி, பிரைமரில் தின்னர் கலக்காமல், 22 பட்டையின் விளிம்புகள், எல்லா வெல்டு, ஓட்டைகளின் வாய், கீலின் மூலை, தகட்டின் விளிம்பு இவற்றுக்கு மட்டும் குத்திக் குத்தி அடித்தோம். வெல்டில் பிரஷை இழுத்தால் குழிகளின் மேல் பாலம் மாதிரி போய்விடும், உள்ளே இறங்காது, குத்தத்தான் வேண்டும். இதை ஸ்ட்ரைப் கோட் என்பார்கள். அது கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அன்றைக்கே முழு கேட்டுக்கும் ஒரு கோட்டிங். அதற்கடுத்த நாள் மறுபடி ஓரங்களுக்கு மட்டும். பிறகு முழுவதற்கும் இரண்டாவது. முதல் கோட்டிங் சாம்பல், இரண்டாவது காவி, வேண்டுமென்றே நிறம் மாற்றி வாங்கினேன், விட்டுப்போன இடம் சட்டென்று கண்ணில் படும். அப்படிப் படுத்த நிலையில் பார்த்ததில் பட்டைகளின் பின்பக்கம் மூன்று இடம் சாம்பலாகவே நின்றது.

கனத்தைப் பார்க்க மச்சினன் சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு சின்னத் தகடு கொடுத்தான். ஈரமாக இருக்கும்போது பெயின்டில் குத்தினால் எந்தப் பல் வரை நனைகிறதோ அதுதான் ஈரக் கனம், மைக்ரானில் எழுதியிருக்கும், ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ. எங்கள் பிரைமரில் பாதிதான் கெட்டிப் பொருள், மீதி ஆவியாகிப் போகிறது. காய்ந்து 50 மைக்ரான் வேண்டுமென்றால் ஈரத்தில் 100 வேண்டும். முதலில் நான் வழக்கமான கையில் இழுத்தபோது 60-தான் காட்டியது. வீட்டில் பெயின்ட் அடிக்கிற பழக்கத்தில் கை பெயின்டைத் தேய்த்து மெலித்துவிடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. பெயின்டை வைத்துவிட்டுக் குறைவாக இழுக்க வேண்டும், வழியவும் கூடாது.

நேரம் பற்றி ஒன்று. பிப்ரவரியில் எங்கள் பக்கம் விடியற்காலை இரும்பு பனியில் நனைந்திருக்கும், துடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் அது காய்ந்தால் அடிக்கலாம், காயவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். நடுப்பகலிலும் கூடாது, இரும்பு தொட முடியாத சூட்டில் தின்னர் பறந்து பெயின்டில் ஊசி ஓட்டைகள் விழுகின்றன. ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை, பிறகு மூன்றிலிருந்து நாலரை வரை. எங்களுக்குக் கிடைத்த நேரம் இவ்வளவுதான்.

பிரைமருக்கு மேல், தகடும் சட்டமும் சேருகிற இடுக்குகளை அடைத்தேன். பட்டறையில் அங்கே முழுக்க வெல்டு வைக்காமல் நாலு அங்குலத்துக்கு ஒரு பொட்டு மட்டும் வைத்திருந்தார்கள். இந்தத் தடவை சிலிக்கான் இல்லை, பெயின்ட் ஏறக்கூடிய பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட், இரண்டு டியூப் 600 ரூபாய். அதற்குள் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது எபாக்ஸி கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது, அதன் மேல் நேராக அடித்தால் அடுத்தது பிடிக்காது. முழு கேட்டையும் 220 உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, மறுபடி ஒரு கேன் தண்ணீரில் துடைத்தோம். வீணாக ஒரு நாள். தொடர்ந்து ஒரு வாரம் ஊரில் இருக்க முடியும் என்றால் மட்டும் எபாக்ஸி வேலையைத் தொடங்குங்கள்.

எபாக்ஸி வெயிலில் சில மாதத்தில் சுண்ணாம்பு பூத்துவிடும், அதனால் மேலே பி.யூ. பெயின்ட் இரண்டு கோட்டிங், ஒவ்வொன்றும் காய்ந்து 35 மைக்ரான். லிட்டர் 900, இரண்டு லிட்டர். இதன் ஹார்டனர் மூச்சுக்கு ஆகாதது, ஸ்ப்ரே அடிக்கிற எண்ணம் இருந்தால் வீட்டில் வேண்டாம், பிரஷில் அடித்தாலும் முகமூடி, கையுறை கட்டாயம். இடது கதவின் கடைசி கோட்டிங்கை இன்றே முடித்துவிடலாம் என்று மாலை ஐந்தரைக்கு அடித்தேன். இரவு பனி இறங்கியது. காலையில் பார்த்தால் பளபளப்பு போய், பால் சிந்தியது மாதிரி வெளுத்து, சின்னச் சின்னக் குமிழ். பி.யூ. காய்வதற்கு முன் ஈரம் பட்டால் இப்படித்தான் ஆகும். அதைத் தேய்த்து மறுபடி அடித்தேன்.

எல்லாம் காய்ந்து ஒரு வாரம் கழித்து மச்சினன் காய்ந்த பெயின்டின் கனம் பார்க்கிற தன் கேஜை வைத்து அளந்தான். தகட்டில் 165 முதல் 190 மைக்ரான், பட்டைகளின் முகத்தில் 140-ஐ ஒட்டி. ஓரத்தில் அந்தக் கேஜ் சரியாகக் காட்டாது. அவன் ஆலையில் பிளாஸ்டிங் செய்த இரும்புக்கே 300 மைக்ரான் வரை அடிப்பார்களாம், வீட்டுக்கு இது போதும் என்றான்.

அன்று மாலை பாலம் வரை நடந்தோம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றிருந்தது, பக்கத்தில் புதுப்பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. பழைய பாலம் முழுக்க ரிவெட் வைத்துக் கட்டியது. “அந்த ஆணித் தலை ஒவ்வொண்ணும் ஒரு ஓரம் மச்சான், ரெண்டு தகடு சேர்ற இடம் ஒவ்வொண்ணும் ஒரு இடுக்கு. அதுக்கெல்லாம் எத்தனை பேர் பிரஷ் பிடிச்சிருப்பாங்க” என்றான். நான் சின்ன வயதில் இருந்து ரயிலில் கடந்த பாலம், அதற்குப் பெயின்ட் அடித்த கைகளை ஒரு நாளும் நினைத்ததில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் மூட்டுகள் முழுக்க வெல்டு, மேலே பாலிசிலாக்ஸேன் என்கிற வெயிலும் உப்பும் தாங்கும் பூச்சு என்று செய்தியில் படித்தபோது அவன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

மொத்தச் செலவு 11,000-ஐ ஒட்டி வந்தது. முதல் இரண்டு தடவையும் சேர்ந்து 6,400, பதின்மூன்று மாதத்துக்கு. இது முப்பது மாதமாக நிற்கிறது. மறுபடி ஒரு கேட் செய்தால் பட்டறையில் இருந்து நேராக பிளாஸ்டிங்குக்கு அனுப்பிவிடுவேன், அப்போது எப்படியும் வண்டி வைக்கத்தான் வேண்டும். பைப் வாய்களை மூடி வெல்டு வைக்கச் சொல்வேன், தகட்டைப் பொட்டு வைக்காமல் சுற்றிலும் முழு வெல்டு. பட்டைக்குப் பதிலாக உருண்டைக் கம்பி. ஓரமே இல்லாத கம்பிக்கு ஓரம் அடிக்கிற வேலை இல்லை.

நேற்று பார்த்த மூன்று துரு. ஒன்று, வீட்டு எண் பலகை. போன வருஷம் தகட்டில் துளை போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் மாட்டினேன், துளையின் வாய்க்குப் பிரைமர் வைக்கவில்லை, இரண்டு ஸ்க்ரூவில் இருந்தும் இரண்டு அங்குல நீளத்துக்கு மஞ்சள் கோடு இறங்கியிருக்கிறது. கழற்றி, துளையை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, கழுவி, பிரைமரைத் தீக்குச்சியால் வைத்துவிட்டேன், இனி நைலான் வாஷர் போட்டு மாட்ட வேண்டும். இரண்டாவது மேல் கீல், இரும்பும் இரும்பும் உரசுகிற இடம், அங்கே எந்தப் பெயின்டும் நிற்காது, மாதம் ஒரு தடவை கிரீஸ் வைப்பது ஒன்றுதான் வழி, ஜூன் மாதம் மறந்திருக்கிறேன். மூன்றாவது தரையில் இறங்குகிற தாழ்ப்பாள் கம்பி, தினம் நாலு தடவை சிமென்ட் குழியில் உரசுகிறது. அதற்கு உப்புக் காற்றை நன்றாகத் தாங்குகிற 316 கிரேடு ஸ்டெயின்லெஸ்ஸில் 16 மி.மீ. கம்பி ஒன்றரை அடி மதுரையில் சொல்லியிருக்கிறேன். மீதி இருந்த பி.யூ. ஹார்டனர் டப்பாவைத் திறந்தேன், ஈரம் ஏறிக் கல்லாகிவிட்டது. கம்பி வரும்போதே ஒரு சின்னப் பேக்கும் வாங்கி வரச் சொல்ல வேண்டும், பலகைக்குப் பின்னால் இன்னும் மேல் பூச்சு பாக்கி.